ஆணிப் பல்லில் சிக்கிய நூல்

மச்சான்,

வாய் கொப்பளிக்கும் மருந்துப் போத்தலின் மூடியைத் திறந்து முகர்ந்துகொண்டிருக்கிறேன். கொப்பளிப்பதற்கு இல்லை. இரண்டு கிழமைக்கு மேல் பாவித்தால் பல்லில் கறை பிடிக்கும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு கிழமை முடிந்து ஒன்றரை மாதமாகிறது. அடியில் கொஞ்சம் மிச்சம் கிடக்கிறது. நாளைக் காலை ஒன்பது மணிக்குப் புளியந்தீவில் அவருடைய கதிரையில் போய்ச் சாய வேண்டும். ஆணிப் பல்லைக் காப்பாற்ற முடியுமா, கழற்றி எறிய வேண்டுமா என்று நாளைக்குத்தான் தெரியும். அதை நினைத்தால் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்த மணம் பிடிக்கிற வேலை.

இந்த மணம் வந்தால் எனக்குக் கண்டிதான் ஞாபகம் வரும். பல் வைத்தியரின் அறைக்கு வெளியே நீள வாங்கில் நாம் இரண்டு பேரும் இருந்தோம். பல் பதிக்க வேண்டியது எனக்கு, கால் நடுங்கியது உனக்கு. தாதி வந்து, யாருக்கு என்று உன்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நீ உன் அரைகுறைச் சிங்களத்தில், காயம் இவருக்கு, குற்றம் எனக்கு என்று விளக்கம் கொடுத்தாய். அவள் பயந்துபோய் உள்ளே ஓடினாள். பொலிஸ் வராமல் போனது நம் நல்ல காலம்.

குற்றம் என்று நீ மட்டும்தான் சொல்லித் திரிந்தாய். நடந்தது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. நான் தோணியின் தலைப்பில் நின்று, வீச்சு வலையைத் தோளில் போட்டு, ஈயக்குண்டு கோத்த ஓரத்தை முன்பல்லில் கடித்துக்கொண்டு வீசத் தயாராக இருந்தேன். வலை வீசுகிறவனுக்கு இரண்டு கை போதாது. பல்தான் மூன்றாவது கை. நீ பின்னால் நின்று கம்பால் தோணியைத் தள்ளிக்கொண்டிருந்தாய். மணலை மீன் ஒன்று துள்ளிய சத்தம் கேட்டு நீயும் திரும்பினாய், நானும் திரும்பினேன். உன் கம்பும் திரும்பி என் வாயில் வந்து விழுந்தது.

நான் இரத்தத்தைத் துப்பிக்கொண்டு நிற்க, நீ வாவிக்குள் குதித்துப் பல்லைத் தேடினாய். முழங்கால் அளவு சேறு. இரண்டு கையாலும் அள்ளி வந்து தோணிக்குள் கொட்டி விரலால் பிசைந்து பார்த்தாய். "இஞ்சதான் மச்சான் விழுந்த, நான் கண்ணால கண்ட" என்றாய். உடைந்த பல் என் மேலுதட்டுக்குள் குத்திக்கொண்டு இருந்தது. அதைச் சொல்வதற்கு எனக்கு வாய்தான் வேலை செய்யவில்லை.

பிறகு கழற்றி மாட்டும் பல் ஒன்றோடு எட்டு மாதம் ஓட்டினேன். ஒரு நாள் வலையை வீசினேன், வலையோடு பல்லும் போய்விட்டது. இழுத்துப் பார்த்தோம். நாலு இறால், ஒரு நண்டு. பல் இல்லை. நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. அடுத்த கிழமையே கண்டியில் ஒரு வைத்தியரை விசாரித்துப் பிடித்துவிட்டாய். தாடை எலும்பில் உலோகத் திருகாணியைப் பதிப்பார்களாம், அது எலும்போடு ஒட்டும்வரை சில மாதம் விடுவார்களாம், அதன்மேல் பல்லைப் பூட்டுவார்களாம் என்று எனக்கு நீதான் விளக்கினாய், உன் வேனுக்கு எஞ்சின் மாற்றுகிற கதை போல. ஆணிப் பல் என்ற பெயரும் நீ வைத்ததுதான். பல் பூட்டி வீட்டுக்கு வந்த அன்று என் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "இனி உன்ட வாய்க்குள்ள நங்கூரம் போட்டிரிக்கு, புயலுக்கும் அசையாது" என்றாய்.

கண்டி வைத்தியர் சொன்னவற்றை நான் பாதி வழியிலேயே மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை. ஈறோரத்தைச் சின்னத் தூரிகையால் துப்புரவாக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருக்கா வந்து காட்ட வேண்டும், அந்தப் பல்லில் வலை பிடிக்கக் கூடாது. நாள் வந்ததும் உன் வேன் என் அலுவலக வாசலில் நின்று ஹோன் அடிக்கும். மேலதிகாரி எரிச்சலோடு, "உங்கட பல்லு வந்திட்டுது, போங்க" என்பார். தோணியில் ஒவ்வொரு வீச்சுக்கு முன்னாலும் பின்னாலிருந்து ஒரு கத்தல்: "மச்சான், பல்லு!" நான் முறைத்துக்கொண்டு வலையோரத்தைக் கடைவாய்க்கு மாற்றுவேன். ஏழு வருடம் அந்த நங்கூரம் அசையாமல் இருந்ததற்குக் காரணம் கண்டி வைத்தியர் இல்லை, உன் தொண்டை.

உன் சிறுநீரகம் பழுதான பிறகுதான் எல்லாம் குழம்பியது. கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போனாய். வேனை விற்றாய். தோணிக்கு வருவதும் நின்றது. நான் தனியே போனேன், கத்த ஆள் இல்லை. முதல் மாதம் ஒழுங்காகக் கடைவாயில்தான் பிடித்தேன். கடைவாயில் பிடித்தால் வலை முழுதாய் விரியாது என்பது உனக்குத் தெரியும். ஒரு காலையில் மீன் திரண்டு வந்தது. நான் எந்தப் பல்லில் பிடிக்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. வலை வட்டமாய்ப் போய் விழுந்த பிறகுதான் முன்பல்லில் ஈயத்தின் கசப்புத் தெரிந்தது. ஒரு நாள் போதும் என்று நினைத்தேன். அதுவே வழக்கமாகிவிட்டது.

கண்டிக்குப் போவதும் நின்றது. நீ இல்லாமல் தனியே போவது உனக்குச் செய்கிற துரோகம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சோம்பல் என்பதற்கு எவ்வளவு அழகான பெயர்களை மனிதன் கண்டுபிடிக்கிறான் பார்.

ஒரு நாள் நீ, படுத்துக் கிடந்து அலுத்துப் போச்சு, வலையைக் கொண்டு வா என்றாய். கொண்டு வந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்து, பிய்ந்துபோன ஓரத்தை நீல நைலோன் நூலால் மூன்று நாளில் கட்டித் தந்தாய். கை நடுங்கியதால் முடிச்சு நுனிகளை ஒட்ட வெட்ட உனக்கு ஏலவில்லை. புல் முளைத்த மாதிரி ஓரம் முழுக்க நூல் நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தன. வீட்டுக்குக் கொண்டுபோய் நான் வெட்டியிருக்கலாம். கத்தரிக்கோலை எடுத்தும் பார்த்தேன். நீ கட்டிய முடிச்சில் அதை வைக்க மனம் வரவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் முதல் இரத்தம். பல் துலக்கித் துப்பினால் தண்ணீர் இளஞ்சிவப்பாய்ப் போகும். நோவு இல்லை. நோகாத ஒன்றுக்கு யார் பயப்படுவார்கள் என்று பகலில் நினைப்பேன். பல் துலக்கும் நேரம் மட்டும் பயப்படுவேன். அலுவலகக் கழிப்பறைக் கண்ணாடியில் உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஈறு கொஞ்சம் தடித்து, கருஞ்சிவப்பாக இருந்தது. விரலால் அழுத்தினால் ஓரத்தில் ஒரு துளி வரும்.

உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் உன் முதல் கேள்வி ஒன்றுதான். "பல்லக் காட்டு." நீ எப்படியிருக்கிறாய் என்று நான் கேட்பதற்கு முன்னால் இது வந்துவிடும். அதனால் உன் வீட்டு வாசல் குழாயடியில் நின்று வாயைக் கழுவி, கைக்குட்டையால் ஈறைப் பிடித்து, இரத்தம் நின்ற பிறகுதான் உள்ளே வருவேன். வந்து இளிப்பேன். "கல்லு மாதிரி இரிக்கு" என்பேன். உன் முகம் தெளியும். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையைத் தூக்கி, நல்லது என்று ஒரு சைகை காட்டுவாய். அந்தச் சைகைக்காகத்தான் பொய் சொன்னேன் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். கடைசியாய்ப் பார்த்த அன்றும் அதே பொய்தான். மூன்றாம் நாள் உன்னை அடக்கினோம்.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இந்தக் காலத்தில் இரத்தம் சீழானது. வாயில் எப்போதும் ஓர் உலோகக் கைப்பு. நான் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் என் மனைவிதான் சோறு போட்டுக்கொண்டே, "இஞ்ச பாருங்க, உங்கட வாய் மணக்குது. பல்ல விளக்கலியா, இல்ல எதையும் மறைக்கிறீங்களா?" என்று நேராகக் கேட்டாள். அடுத்த நாளே என்னை இழுத்துக்கொண்டு புளியந்தீவுக்குப் போனாள். எனக்குக் கை பிடிக்க ஆள் தேவைப்படுகிறது பார், ஐம்பத்தாறு வயதில்.

டொக்டர் ஒரு சின்னப் பெண். கண்ணாடி போட்டிருந்தார். அளவுக்கோடு கீறிய மொட்டை ஊசி ஒன்றை ஆணியைச் சுற்றி ஈறுக்குள் ஆறு இடத்தில் விட்டு அளந்து, எண்களைச் சொல்லச் சொல்லத் தாதி எழுதினாள். நாலு, ஐந்து, ஏழு. எண் கூடக் கூட ஈறு அவ்வளவு ஆழத்துக்கு விட்டுப்போயிருக்கிறதாம். மில்லிமீற்றர்தான், ஆனாலும் ஏழு. பிறகு எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். திருகாணியைச் சுற்றி எலும்பு கிண்ணம் போலக் குழிந்திருந்தது.

"எவ்வளவு காலமா இரத்தம் வருது?" என்று கேட்டார்.

"ரெண்டு மாசம் இரிக்கும்."

"ரெண்டு மாசத்தில எலும்பு இவ்வளவு போகாது ஐயா."

மனைவி என் பக்கம் திரும்பினாள். நான் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். இரண்டு வருடம். வலையையும் சொன்னேன். கண்டிக்குப் போகாததையும் சொன்னேன். உன்னைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

சொந்தப் பல்லில் கிருமி பிடித்தால் நோவு வந்து காட்டிக்கொடுக்குமாம், ஆணியைச் சுற்றிப் பிடித்தால் சத்தமில்லாமல் எலும்புக்குள் போய்விடுமாம். சீனி வருத்தம், நீரிழிவு, இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, அதையும் சரியாகப் பார்க்கவில்லை என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். "நல்ல குளிசை ஒண்டு தந்தாப் போதாதா டொக்டர்?" என்று கேட்டேன். குளிசை மட்டும் போட்டால் ஆணியில் ஒட்டியிருக்கிற அழுக்கு அப்படியே இருக்கும், அதைச் சுரண்டி எடுத்தால்தான் கிருமி போகும் என்றார். "வெட்டாமச் செய்து பார்ப்பம். முதல்ல உள்ளுக்கச் சுத்தமாக்குவம். ரெண்டு மாசத்தால திரும்ப அளந்து பார்ப்பம். ஆனா வாக்குத் தர மாட்டன்." அந்தக் கடைசிச் சொல்லை என் மனைவி வீட்டுக்கு வந்தும் நாலு தரம் சொல்லிக் காட்டினாள்.

அடுத்த கிழமை வேலை நடந்தது. விறைக்க ஊசி போட்டு, மேலே பூட்டியிருந்த பல்லைத் திருகிக் கழற்றித் தட்டில் வைத்தார். நீ கண்டியில் கைதட்டி வரவேற்ற பல் ஒரு தட்டில் தனியே கிடந்தது. ஆணியில் கீறல் விழாத மாதிரி முனையில் பிளாஸ்டிக் பூட்டிய கருவி ஒன்றை ஈறுக்குள் விட்டு அதிரவைத்தார். தலைக்குள் உன் பழைய வேன் ஏற்றத்தில் ஏறுகிற சத்தம். பிறகு மாவு போல ஏதோ ஒன்றைத் தண்ணீரோடு பீய்ச்சினார். நடுவில் கையை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். சின்னச் சாமணத்தால் எதையோ பிடித்து மெதுவாக இழுத்துப் பஞ்சில் வைத்தார்.

"இது என்ன ஐயா?"

ஒரு விரல் நகத்தின் நீளம் இருக்கும். நைலோன் நார். நீலம்.

வாய் திறந்தபடி, விறைத்தபடி கிடந்தேன். கண்ணீர் இரண்டு பக்கமும் வடிந்து காதுக்குள் போனது. நோகிறது என்று நினைத்து டொக்டர் இன்னொரு ஊசி எடுக்கப் போனார். நான் தலையை ஆட்டினேன். நோகவில்லை மச்சான். நீ கட்டித் தந்த முடிச்சின் நுனி என் ஈறுக்குள் இருந்திருக்கிறது. எவ்வளவு காலம் என்று தெரியாது. அதைக் கொண்டுபோய் அங்கே வைத்தது உன் கை இல்லை, என் பல். வெட்டியிருந்தால் வந்திராது. கடைவாயில் பிடித்திருந்தால் வந்திராது. இரத்தம் வந்த முதல் மாதமே உன்னிடம் சொல்லியிருந்தால், கட்டிலில் கிடந்தபடியே உன் மகளுக்குச் சொல்லி யாரோ ஒரு வேன்காரனைப் பிடித்து என்னைக் கண்டிக்கு அனுப்பியிருப்பாய். எனக்கு உன்னை நன்றாகத் தெரியும்.

அன்றிலிருந்து வலையைத் தொடவில்லை. காலையும் மாலையும் சின்னத் தூரிகையோடு கண்ணாடி முன்னால் நிற்கிறேன். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை. ஈறை விரலால் அழுத்திப் பார்க்காதே என்று டொக்டர் சொன்னதால் நாக்கால் அழுத்திப் பார்க்கிறேன். மனைவி கண்டுபிடித்துத் தலையில் குட்டினாள்.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியின் முகத்தைப் பார்த்து இவ்வளவு நாளாகிவிட்டது. முதலில், நீ போனபின் அவள் ஒதுங்கியிருந்த இத்தாக் காலம், ஆண்கள் போய்ப் பார்க்கக் கூடாது, அது நியாயம். அந்த நாலு மாதமும் பத்து நாளும் முடிந்து எவ்வளவோ காலம். அதற்குப் பிறகும் நான் போகாததற்கு நியாயம் எதுவும் இல்லை. குழாயடியைத் தாண்டும்போது கால் தானாக நின்றது. உள்ளே போய் இருந்து, தேத்தண்ணியை ஆறவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். இரத்தம், கைக்குட்டை, பொய், நூல்.

அவள் கோபப்படவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டாள்.

"தங்கச்சி, அவருக்கு வருத்தம் வரக் கூடாதெண்டுதான் நான் மறைச்ச" என்றேன்.

"ரெண்டு கிட்னியும் போனதத் தாங்கின மனிசன், அண்ணன். ஒரு பல்லு விசயத்தையா தாங்க மாட்டார்?" என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல், "அவருக்கு ஏலும். உங்களுக்குத்தான் ஏலாமப் போச்சு" என்றாள்.

ஆணி பழுதாகிறது என்று ஒத்துக்கொண்டால் நீ சாகப்போகிறாய் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும் போல எனக்கு இருந்திருக்கிறது. கல்லு மாதிரி இரிக்கு என்று நான் சொன்னது பல்லைப் பற்றி மட்டும் இல்லை. அது அவளுக்கு விளங்கியிருக்கிறது, எனக்கு விளங்கவில்லை. ஆறின தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எழுதியது போதும். காலையில் எழும்ப வேண்டும்.

நேற்று இவ்வளவும் எழுதி வைத்தேன். இன்று போய்விட்டு வந்துதான் மிச்சத்தை எழுதுகிறேன்.

கதிரையில் சாய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். டொக்டர் அளக்க, தாதி எழுதினாள். மூன்று. மூன்று. மூன்று. நான் கண்ணைத் திறக்கவில்லை. நாலு. மூன்று. ஆறாவது இடத்தில், அண்ணப் பக்கம், ஊசி கொஞ்ச நேரம் நின்றது. "அஞ்சு" என்றார். பிறகு, "இதில மட்டும் இரத்தம் வருது" என்றார்.

மனைவி கேட்டாள், "அப்ப பல்லு தப்பிட்டுதா டொக்டர்?"

"அளவு நல்லா இறங்கியிருக்கு. ஆனா போன எலும்பு திரும்பி வராது. மிஞ்சினதத்தான் காப்பாத்தலாம். இந்த ஒரு இடத்தத் திரும்பச் சுத்தமாக்கிப் பார்ப்பம். அதுக்கும் அடங்காட்டி ஈறத் திறந்து பார்க்கத்தான் வேணும். அதுவும் சரிவராட்டிக் கழட்டணும். இனி மூணு மாசத்துக்கு ஒருக்கா வாங்க."

"எத்தின வருசத்துக்கு?" என்றேன்.

"பல்லு இரிக்கிற வரைக்கும்" என்றார்.

அந்த ஓர் இடத்தை மறுபடி சுத்தமாக்கினார். வெளியே வந்தோம். மனைவி பஸ்ஸுக்குக் கை காட்டினாள். நான் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று அவளை அனுப்பிவிட்டுப் பாலத்தில் போய் நின்றேன். கீழே இரண்டு பேர் தோணியில் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவன் ஓரத்தைப் பல்லில் கடித்திருந்தான். கத்தலாமா என்று வந்தது. அவனுக்கு அவன் பல் சொந்தப் பல், எனக்கென்ன. பார்த்துக்கொண்டு நின்றேன். நாக்கு அண்ணப் பக்கம் போய் அந்த இடத்தைத் தேடியது. உப்புக் கரித்தது.

யாராவது கேட்டால் நல்லம் என்று சொல்லிவிடுவேன், வழியில் இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது. நீ கேட்கிற மாதிரியே கேட்டுக்கொள், நான் வாயைக் கழுவாமல் வந்து நிற்கிறேன் என்று வைத்துக்கொள். பல் இருக்கிறது. ஆடவில்லை. சுற்றியிருந்த எலும்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஓர் இடத்தில் இன்னும் இரத்தம் வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான்.